ஆன்ஃபீல்டில் 4–0: கோல்களைவிடப் பெரிய பூஜ்ஜியம்

2019 மே 7ஆம் தேதி இரவு, தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ஸ்பெயினின் பார்சிலோனாவை 4–0 என்று வென்று, முன்பு ஐரோப்பியக் கோப்பை என்று அழைக்கப்பட்ட சாம்பியன்ஸ் லீக் கால்பந்துத் தொடரின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆறு நாட்களுக்கு முன் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் நடந்த முதல் ஆட்டத்தில் 0–3 என்று தோற்றிருந்ததால், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்த கணக்கு 4–3. அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘அதிசயம்’ என்று தொடங்கி, அந்தச் சொல்லோடு பேச்சை முடித்தும்விடுகிறார்கள். இந்த அணியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வரும் ரசிகனான எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிசயம் என்று சொல்லிவிட்டால் காரணம் தேடும் வேலை இல்லாமல் போய்விடும். இந்த வெற்றிக்கோ காரணங்கள் இருந்தன. ஆட்டத்தின் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அவை ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகின்றன. அவற்றுள் தலையாயது, அன்று எங்கள் அணி ஒரு கோலும் வாங்காமல் ஆட்டத்தை முடித்தது என்பதே என் மதிப்பீடு.

இதைப் புரிந்துகொள்ள அப்போது நடைமுறையில் இருந்த விதியை நினைவில் கொள்ள வேண்டும். இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால், எதிரணியின் மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணியே முன்னேறும். 2021இல்தான் அந்த விதி நீக்கப்பட்டது. கேம்ப் நூவில் லிவர்பூல் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆகவே ஆன்ஃபீல்டில் பார்சிலோனா ஒரே ஒரு கோல் அடித்துவிட்டால் லிவர்பூலுக்குத் தேவைப்படுவது ஐந்து கோல்கள். மெஸ்ஸியும் சுவாரெஸும் கூட்டினியோவும் முன்வரிசையில் நிற்கும் ஓர் அணியைத் தொண்ணூறு நிமிடங்களுக்கும் மேலாகக் கோல் அடிக்க விடாமல் வைத்திருப்பதும், அதே வேளையில் நான்கு கோல்கள் அடிக்கும் அளவுக்கு ஆட்களை முன்னே அனுப்புவதும் ஒன்றுக்கொன்று முரணான வேலைகள். அந்த இரண்டையும் ஒரே இரவில் செய்ததே இந்த வெற்றியின் உண்மையான அருமை.

கேம்ப் நூ விட்டுச்சென்ற கணக்கு

முதல் ஆட்டத்தின் முடிவு ஆட்டத்தின் போக்கைச் சரியாகச் சொல்லவில்லை என்பதை நான் அன்றே நம்பினேன். 26ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் இடது பின்கள வீரர் ஜோர்டி ஆல்பா இடப்பக்கத்திலிருந்து அனுப்பிய பாஸை சுவாரெஸ் கோலாக்கினார். அதன் பிறகு நெடுநேரம் லிவர்பூல்தான் நெருக்கியது. முதல் பாதியில் சாடியோ மானே நல்லதொரு வாய்ப்பில் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். இரண்டாம் பாதியில் மில்னரின் ஷாட்டை பார்சிலோனா கோல்கீப்பர் டெர் ஸ்டீகன் தடுத்தார். கடைசிக் கட்டத்தில் ஃபிர்மினோவின் ஷாட் கோல் கோட்டருகே தடுக்கப்பட்டுத் திரும்ப, அடுத்த கணத்தில் சாலா அடித்தது கம்பத்தில் பட்டு வெளியேறியது. இவற்றுக்கிடையே 75ஆவது நிமிடத்தில் ஒரு கோலும், 82ஆவது நிமிடத்தில் யாராலும் தடுத்திருக்க முடியாத ஒரு ஃப்ரீ கிக்கும் மெஸ்ஸியின் காலிலிருந்து வந்தன. அந்த ஃப்ரீ கிக் பார்சிலோனாவுக்காக அவர் அடித்த 600ஆவது கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் பார்சிலோனாவின் டெம்பெலேவுக்குக் கிடைத்த எளிய வாய்ப்பு எங்கள் கோல்கீப்பர் அலிசனின் கைகளுக்கே நேராகச் சென்றது. அது கோலாகியிருந்தால் 0–4. இன்று இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

எனவே ஆன்ஃபீல்டு ஆட்டத்துக்கு முன் ஆட்டமுறையை முழுதாக மாற்ற வேண்டிய கட்டாயம் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்புக்கு இல்லை. ஆட்கள்தான் குறைந்தார்கள். மே 4ஆம் தேதி நியூகாசிலில் 3–2 என்று வென்ற இங்கிலாந்து லீக் ஆட்டத்தில் சாலாவுக்குத் தலையில் அடிபட்டு, ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டு சென்றார்கள். ஃபிர்மினோவுக்கும் காயம். நபி கெய்ட்டா கேம்ப் நூவிலேயே காயமடைந்து வெளியேறியவர். மே 6ஆம் தேதி இரவு மான்செஸ்டர் சிட்டி அணி கொம்பனியின் கோலால் லெஸ்டரை 1–0 என்று வென்று லீக் பட்டியலில் மீண்டும் ஒரு புள்ளி முந்தியது. இரண்டு கோப்பைகளும் ஒரே வாரத்தில் நழுவப்போகின்றன என்ற அச்சத்தோடுதான் இந்திய நேரப்படி நள்ளிரவு 12.30 மணிக்கு நான் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தேன்.

அன்று முன்வரிசையில் மானேயுடன் டிவோக் ஒரிகியும் ஷகிரியும் இறங்கினார்கள். பெயர்களைப் பார்த்துப் பலர் நம்பிக்கை இழந்தார்கள். ஆனால் நியூகாசிலில் 86ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோல் வந்ததே ஷகிரி அனுப்பிய ஃப்ரீ கிக்கை ஒரிகி தலையால் முட்டியதால்தான். காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று நாட்களுக்கு முன்பே தயாராகிவிட்டிருந்தார்கள். பார்சிலோனாவின் நிலை வேறு: ஸ்பெயின் லீக் பட்டத்தை ஏப்ரல் 27ஆம் தேதியே உறுதிசெய்துகொண்டு, இடையில் செல்டா அணியுடன் வந்த லீக் ஆட்டத்தில் முதன்மை வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். ஓய்வெடுத்த கால்களும் ஓடிக்கொண்டே இருந்த கால்களும் மோதியபோது வேகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை முதல் பத்து நிமிடங்களே காட்டிவிட்டன.

முதல் பாதி: முன்னிலையும் அபாயமும்

ஏழாவது நிமிடத்திலேயே முதல் கோல். எங்கள் பின்கள வீரர் மடிப் அனுப்பிய நீண்ட பந்தைத் தலையால் தன் கோல்கீப்பர் பக்கம் திருப்ப முயன்ற ஆல்பா, அதை மானேயின் பாதையில் போட்டுவிட்டார். மானே ஹெண்டர்சனுக்குக் கொடுக்க, அவர் பெனால்டி பெட்டிக்குள் புகுந்து அடித்ததை டெர் ஸ்டீகன் தட்டிவிட, திரும்பி வந்த பந்தை ஒரிகி வலைக்குள் தள்ளினார். சாம்பியன்ஸ் லீக்கில் அவருடைய முதல் கோல் அது. ஆல்பாவின் பிழை என்று இதைக் கடந்துவிடக்கூடாது. ஹெண்டர்சன் நடுக்களத்தில் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் பிழை பிழையாகவே போயிருக்கும். எதிரணி தடுமாறும் கணத்தில் அங்கே நம் ஆட்கள் மூவர் இருந்ததுதான் பயிற்சியின் பயன்.

ஆனால் அடுத்த அரை மணி நேரத்தை நான் பாராட்ட மாட்டேன். கோல் விழுந்த உற்சாகத்தில் ஹெண்டர்சனும் மில்னரும் பந்தைப் பறிக்க மிகவும் முன்னே ஏறினார்கள். நடுக்களத்துக்கும் பின்வரிசைக்கும் இடையே விரிந்த வெளியில் மெஸ்ஸி திரும்பி நின்று முன்னோக்கிப் பார்க்க முடிந்தது. அவர் அப்படித் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆல்பா இடப்பக்கத்தில் ஓடத் தொடங்குவார். எங்கள் வலது பின்கள வீரர் ட்ரெண்ட் அலெக்சாண்டர்-அர்னால்டு தாக்குதலுக்குப் போனதால் காலியான வெளி அது. 14ஆவது நிமிடத்தில் மெஸ்ஸியின் ஷாட்டை அலிசன் கம்பத்துக்கு மேலே தட்டினார். சில நிமிடங்களில் கூட்டினியோவின் ஷாட்டையும் தடுத்தார். முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி இடைவெளி பார்த்து அனுப்பிய பந்தோடு ஆல்பா தனியாகக் கோல்கீப்பர் முன் வந்துவிட்டார். அலிசன் காலம் தவறாமல் முன்னே வந்து அவர் காலடியிலேயே பந்தை மடக்கினார். இந்த மூன்றில் ஒன்று உள்ளே போயிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. ட்ரெண்ட்டை நான் குறை சொல்லவில்லை. அவர் முன்னே போகாமல் நான்கு கோல்கள் கிடைக்காது. அவர் போன பிறகு அந்த வெளியை யார் மூடுவது என்பதைத்தான் முதல் பாதியில் அணி தீர்மானித்திருக்கவில்லை.

அலிசனைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் கீவ் நகரில் ரியல் மாட்ரிட்டிடம் இறுதிப் போட்டியில் 1–3 என்று தோற்ற வலியை எந்த லிவர்பூல் ரசிகனும் மறந்திருக்க மாட்டான். கோல்கீப்பர் இடத்தில் நேர்ந்த பிழைகள் அன்று எங்களுக்குக் கோப்பையை இழக்கச் செய்தன. அதே கோடையில்தான் ரோமா அணியிலிருந்து அலிசனை வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஏப்ரலில், முதல் ஆட்டத்தில் 1–4 என்று தோற்ற ரோமா, தன் மைதானத்தில் பார்சிலோனாவை 3–0 என்று வென்று வெளியேற்றியது. அன்று ரோமாவின் கோல்கீப்பர் இவர்தான். இதே எதிரணி, இதே மூன்று கோல் பள்ளம், ஒரு கோலும் வாங்கக்கூடாது என்ற இதே கட்டாயம். எங்கள் அணியில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அனுபவத்தோடு அவர் அந்த வலைக்கு முன் நின்றார். ஆன்ஃபீல்டில் அவர் பதற்றமே இல்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் நடுக்கள வீரர் ஃபாபினியோவின் ஆட்டமும் இதே அளவு கவனத்துக்குரியது. 11ஆவது நிமிடத்தில் சுவாரெஸிடமிருந்து பந்தைப் பறிக்கச் சறுக்கியதற்காக நடுவர் ஜுனெய்ட் சாக்கிர் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். என் பார்வையில் அவர் பந்தைத்தான் முதலில் தொட்டார். ஆனால் அட்டை அட்டைதான். இன்னொரு பிழை செய்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டும் என்ற நிலையில், மெஸ்ஸி உலவும் அதே இடத்தைக் காவல் காக்கும் பொறுப்பு மீதமுள்ள நேரம் முழுவதும் அவர் மேல் இருந்தது. தயங்கினால் மெஸ்ஸி கடந்துவிடுவார், துணிந்தால் அட்டை வரும். அவர் தயங்கவும் இல்லை, இரண்டாவது அட்டை வாங்கவும் இல்லை. இடைவேளைக்குப் பிறகு அவர் சறுக்கி விழுந்து பறிப்பதைக் குறைத்து, பாஸ் வரும் வழியில் முன்கூட்டியே போய் நிற்கத் தொடங்கினார். கோல் அடிக்காத வீரர்களில் அன்றைய ஆட்டத்தின் சிறந்தவர் யார் என்று கேட்டால், அலிசனுக்கு அடுத்து அவர் பெயரைத்தான் சொல்வேன்.

இடைவேளையில் நேர்ந்த மாற்றம்

காயத்தால் ஆண்டி ராபர்ட்சன் இரண்டாம் பாதிக்குத் திரும்பவில்லை. இடது பின்கள வீரருக்குப் பதிலாக நடுக்கள வீரர் வைனால்டம் இறங்க, மில்னர் இடப்பக்கத் தடுப்புக்குப் போனார். 2016–17 பருவம் முழுவதும் அந்த இடத்தில் ஆடியவர் என்பதால் மில்னருக்கு அது புதிதல்ல. கட்டாயத்தால் வந்த இந்த மாற்றம் இரண்டு விதங்களில் உதவியது. மில்னர் ராபர்ட்சனைப் போல எல்லை வரை ஓடிக்கொண்டே இருக்காமல் பின்னே தங்கினார்; அதனால் ட்ரெண்ட் ஏறினாலும் பின்வரிசையில் மூவர் எஞ்சினார்கள். நடுக்களத்துக்கோ புதிய கால்களும், பெட்டிக்குள் தாமதமாக நுழையும் பழக்கமும் கொண்ட ஒருவர் கிடைத்தார். தொடக்க அணியில் இடம் தராததால் பயிற்சியாளர் மேல் கோபத்தோடு இருந்ததாக வைனால்டம் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கோபம் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது.

54ஆவது நிமிடத்தில் வலப்பக்கத்தில் ஆல்பாவிடம் பந்தைப் பறிகொடுத்த ட்ரெண்ட், அடுத்த நொடியே அதை மீட்டார். அந்த மீட்புதான் எனக்குக் கோலைவிட முக்கியமாகப் படுகிறது. பந்தை இழந்ததும் கையை உதறிக்கொண்டு நிற்கும் வீரனை வைத்துக்கொண்டு இப்படி ஆட முடியாது. அவர் தாழ்வாக அனுப்பிய பந்து ஒருவர் மேல் உரசி வர, ஓடி வந்த வைனால்டம் அடித்தது டெர் ஸ்டீகனின் கையைத் தாண்டி உள்ளே சென்றது. 122 நொடிகளில் அடுத்தது: இடப்பக்கத்திலிருந்து ஷகிரி தூக்கி அனுப்பிய பந்தை, இரு பின்கள வீரர்களுக்கு நடுவே எழும்பிய வைனால்டம் தலையால் மேல்மூலைக்குள் முட்டினார். மொத்தக் கணக்கு 3–3.

அந்தக் கட்டத்தில் வெறிகொண்டு தொடர்ந்து தாக்கியிருந்தால் ஆட்டம் கைமீறிப் போயிருக்கும் என்பதே என் எண்ணம். 3–3 என்ற நிலையில் பார்சிலோனா ஒரு கோல் அடித்தால் லிவர்பூல் மேலும் இரண்டு அடிக்க வேண்டும். அணி மூச்சு வாங்கிக்கொண்டது. பின்கள வீரர்கள் வான் டைக்கும் மடிப்பும் சில அடிகள் பின்வாங்கினார்கள். முதல் பாதியில் முட்டியில் அடிபட்டு வலியோடு ஆடிக்கொண்டிருந்த ஹெண்டர்சன் ஃபாபினியோவை விட்டு விலகாமல் நின்றார். முதல் பாதியில் மெஸ்ஸி திரும்பி நிற்க இருந்த வெளி இப்போது மூடப்பட்டது. 68ஆவது நிமிடத்தில் கம்பத்தருகே மெஸ்ஸி அடித்ததை அலிசன் தடுத்ததைத் தவிர, பெரிய அச்சம் எதுவும் எழவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் எர்னஸ்டோ வல்வர்டே 60ஆவது நிமிடத்தில் கூட்டினியோவை வெளியே எடுத்து, பின்கள வீரர் செமெடோவை இறக்கினார். ஒரு கோல் தேவைப்படும் அணி தாக்கும் வீரரைக் குறைத்ததைப் பார்த்தபோதுதான், அவர்களுடைய மனதில் ரோமா நினைவு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கார்னர்

79ஆவது நிமிடக் கார்னரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது அதிர்ஷ்டமில்லை என்பதை மட்டும் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆட்டம் நின்ற நேரங்களில் பார்சிலோனா வீரர்கள் கவனம் சிதறி, நடுவரிடம் முறையிட்டுக்கொண்டு நிற்பதைக் கிளப்பின் ஆய்வுக் குழு முன்பே கவனித்து, பந்தெடுத்துக் கொடுக்கும் சிறுவர்களிடம் விரைவாகச் செயல்படச் சொல்லியிருந்ததாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. 14 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தை உடனே கொடுத்தான். ட்ரெண்ட் பந்தை வைத்துவிட்டு, ஷகிரி வந்து அடிக்கட்டும் என்பதுபோல இரண்டடி விலகினார். பெட்டிக்குள் பார்த்தார். ஒரிகி தனியே நின்றார்; பார்சிலோனாவின் தடுப்பு வீரர்கள் இன்னும் தங்கள் இடங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று திரும்பி ட்ரெண்ட் தாழ்வாக அடித்தார். ஒரிகி வலது காலால் அதை வலையின் மேற்பகுதிக்குள் அனுப்பினார். பார்சிலோனாவின் பின்கள வீரர் பிகே திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருபது வயது இளைஞன் ஒருவன், அரையிறுதி ஆட்டத்தின் 79ஆவது நிமிடத்தில், அந்த இரைச்சலுக்கு நடுவே, எதிரணி முழுவதும் உறங்கும் ஒரு நொடியைக் கண்டுகொண்டான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. சட்டென்று நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் ஒரிகிக்கும் இல்லாதிருந்தால் அந்தப் பாஸ் வீணாகியிருக்கும். பந்து தன்னிடம் வரும் என்று மைதானத்தில் எதிர்பார்த்த இன்னொருவர் அவர் மட்டுமே.

85ஆவது நிமிடத்தில் ஒரிகியை எடுத்துவிட்டு பின்கள வீரர் ஜோ கோமஸை இறக்கிய க்ளாப்பின் முடிவு சரியானது. மானே பந்தைக் கார்னர் கொடி பக்கம் கொண்டுபோய் நேரத்தைக் கரைத்தது அழகான ஆட்டமில்லை. அந்த நிமிடங்களில் அழகு யாருக்கும் தேவைப்படவில்லை. இறுதி விசில் ஒலித்தபோது, அனுபவத்தில் அணியிலேயே மூத்தவரான மில்னரின் கண்கள் கலங்கியிருந்தன.

ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் முதல் ஆட்டத்தில் மூன்று கோல் பின்தங்கிய அணி மீண்டு வந்தது அதற்கு முன் இரண்டே முறை: 1971இல் பனாதினைக்கோஸ், 1986இல் இதே பார்சிலோனா. அந்த வரிசையில் மூன்றாவதாக லிவர்பூல் சேர்ந்தது. லீக்கில் 97 புள்ளிகள் எடுத்தும் 98 எடுத்த சிட்டியிடம் பட்டத்தை இழந்த அணிக்கு, ஜூன் 1ஆம் தேதி மாட்ரிட்டில் டாட்டன்ஹாமை 2–0 என்று வென்று கோப்பை கிடைத்தது. அங்கே சாலா இரண்டாவது நிமிடத்தில் பெனால்டியில் அடித்தார். மாற்று வீரராக இறங்கிய ஒரிகி 87ஆவது நிமிடத்தில் இன்னொன்று அடித்தார். எதிரணி இலக்கை நோக்கி அடித்த எட்டு ஷாட்டுகளையும் அலிசன் தடுத்தார். ஆன்ஃபீல்டு ஆட்டத்தின் பதிவை மறுபடி பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் ஓட்டிச் செல்வது முதல் பாதியின் கூடுதல் நேரத்துக்கு: ஆல்பா தனியாக ஓடி வருகிறார், அலிசன் முன்னே வருகிறார், பந்து அவர் கையோடு நிற்கிறது. கணக்கு அப்போது 1–0. இன்னும் மூன்று கோல்கள் அடிக்க வேண்டியிருந்தது.